புது இனம் வேண்டாம், புதுக் கிடா வாங்குங்கள்

விளாத்திகுளம் பக்கத்து வாசகர் ஒருவர் கேட்கிறார்: “24 கன்னி இன வெள்ளாடு வைத்திருக்கிறேன். 4 வருடமாக ஒரே கிடா. இப்போது குட்டிகள் சவலையாகப் பிறக்கின்றன, சில செத்தே விழுகின்றன. வேறு இனக் கிடா போட்டால் சரியாகும் என்கிறார் தரகர். போடலாமா?”

வேண்டாம். குடற்புழு, தீவனக் குறை இருக்கிறதா என்று மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். ஆனால் 4 வருடம் என்றால் கிடா தன் மகள்களோடுதான் சேர்ந்துகொண்டிருக்கிறது. நல்ல கிடாவுக்குள்ளும் கெட்ட மரபணு ஒளிந்திருக்கும். மரபணு ஜோடியாகத்தான் இருக்கும், அந்த ஜோடியில் மற்றது நல்லது என்பதால் வெளியே தெரியாது. மகள்களில் பாதிக்கு அது போகும். மொத்த மகள்களுக்கும் அப்பனையே விட்டால் 8 குட்டிக்கு 1, கெட்டதை இரண்டு பக்கமும் வாங்கிப் பிறக்கும். இது ஒரே மரபணுவின் கணக்கு. கிடாவுக்குள் இப்படிப் பல உண்டு.

அமெரிக்க மரபியல் அறிஞர் சூவல் ரைட் 1931-ல் தந்த சூத்திரப்படி, ஒரே கிடா இருக்கும் மந்தை 100 பெட்டை வைத்திருந்தாலும் மரபணு வளத்தில் 4 ஆட்டைத் தாண்டாது. உங்கள் 24-க்கு இன்னொரு கிடா சேர்த்தால் 7-க்கு மேல் போகும். உறவில்லாத கன்னிக் கிடா வந்தால் அடுத்த ஈத்திலேயே குட்டி தேறும்.

ஆனால் சந்தையில் வாங்காதீர்கள். முகத்து வெள்ளைக் கோட்டைக் காட்டி ‘அசல் பால்கன்னி’ என்பார்கள். கோடு உறவைச் சொல்லாது. நீங்கள் போன வருடம் விற்ற குட்டியே வளர்ந்து ‘புதுக் கிடா’வாக உங்களிடம் திரும்பி வரும், நான் பார்த்திருக்கிறேன். நாலு ஊர் தள்ளிப் போய், தாயாட்டையும் அப்பன் கிடாவையும் கண்ணால் பார்த்து வாங்குங்கள். 2019 கணக்கெடுப்பில் நாட்டில் 14 கோடியே 88 லட்சம் வெள்ளாடு என்று தலையை எண்ணிவிட்டார்கள். கிராமத்து ஆட்டுக்கு அப்பன் யார் என்று எழுதிவைக்க ஒரு நோட்டு கிடையாது. எத்தனை கூட்டத்தில் கேட்டாயிற்று! நீங்களாவது எழுதுங்கள்.

சொந்தக் கொட்டில் கிடாவே ஆகாதா என்றால், ஒன்று ஆகும். வெளியூரில் சினையாக வாங்கிவந்த ஆடு இங்கே ஈன்ற கிடாக்குட்டி. அதன் அப்பன் வெளியூரில். தாயும் உங்கள் ஆடுகளுக்கு உறவில்லை. அதைப் பொலிகிடாவாக விடலாம். ஆனால் அதன் தாய்க்கு விடக்கூடாது. கூடப் பிறந்த மறிக்கும் (பெண் குட்டிக்கும்) கூடாது. அதே தாய் பிறகு உங்கள் கிடாவுக்கு ஈன்ற மறிக்கும் கூடாது, அதுவும் தங்கைதான். தாயை வாங்கிய அதே வெளியூர் மந்தையில் வாங்கிய இன்னொரு ஆடு இருந்தால் அதற்கும் கூடாது.

புதுக் கிடாவையும் அதன் மகள்கள் பருவத்துக்கு வருமுன் மாற்றிவிடுங்கள். மற்ற கிடாக்குட்டிகளை 4 மாதத்துக்குள் காயடியுங்கள், இல்லையென்றால் விற்றுவிடுங்கள்.