விலை குறைந்த ஒயின் மட்டமா?

கேள்வி: ஆம்பூர் பிரியாணி விருந்துக்கு நம் நாட்டு ஒயின், விலை குறைவானதாகப் பார்த்து வாங்கி வைத்தேன். துபாயிலிருந்து வந்த மைத்துனர் லேபிளைப் பார்த்ததுமே “இதெல்லாம் ஒயினா?” என்று கிளாஸைத் தள்ளிவிட்டார். விலைக்கும் ருசிக்கும் சம்பந்தம் உண்டா? (வாசகர், காட்பாடி)

பதில்: வாயில் வைக்காமலே தீர்ப்பு சொல்லிவிட்டாரே! 2008-ல் வெளியான கலிபோர்னிய ஆய்வு ஒன்றில் ஒரே ஒயினை 10 டாலர், 90 டாலர் என்று மாற்றி மாற்றிச் சொல்லிக் கொடுத்தார்கள். 90 என்றதும் ருசி கூடிவிட்டது. அதே ஆண்டு வெளிவந்த இன்னொரு ஆய்வு, விலை சொல்லாமல் நடந்த 6,000-க்கும் மேற்பட்ட ருசிப்புகளை அலசியது. பயிற்சி இல்லாதவர்களுக்கு விலை கூடியது சற்றுக் குறைவாகவே பிடித்திருந்தது. பயிற்சி பெற்றவர்கள் விஷயத்தில் அப்படி இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

விலை ஏறப் பல காரணங்கள். விலை கூடியதைப் பெரும்பாலும் ஓக் மரப் பீப்பாயில் வைத்துப் பக்குவப்படுத்துவார்கள். 225 லிட்டர் பீப்பாய் ஒன்றில் சுமார் 300 பாட்டில்தான் வரும், பீப்பாய்ச் செலவு அவற்றின் தலையில்தான். வருடக்கணக்கில் இருப்பு வைக்கிற செலவு, இறக்குமதி வரி, ஒயின் விளைந்த ஊரின் பேர் எல்லாம் அதன்மேல் ஏறும். மலிவான ஒயின் பெரும்பாலும் ஸ்டீல் தொட்டியில் தயாராகி சீக்கிரமே கடைக்கு வந்துவிடும். பழ ருசி தூக்கலாக இருக்கும். பத்து வருடம் எடுத்து வைக்க லாயக்கில்லை. நீர்த்துப்போனதும், சர்க்கரையால் குறையை மறைத்ததும் மலிவில் உண்டுதான்.

மைத்துனரைச் சோதிக்க ஆசையா? ஒரே மாதிரி மூன்று கிளாஸ். இரண்டில் ஒரு ஒயின், மூன்றாவதில் வேறு. தலா 30 மில்லி. ஊற்றுபவர் வேறு அறையில் ஊற்றி வைத்துவிட்டு, பரிமாறும்போது பக்கத்தில் நிற்காமல் போய்விட வேண்டும், முகமே காட்டிக்கொடுத்துவிடும். இரண்டு பாட்டிலும் ஒரே குளிர்ச்சியில் இருக்கட்டும், இல்லாவிட்டால் நாக்கு குளிரைத்தான் கண்டுபிடிக்கும். தனித்து நிற்பது எது என்று அவர் சொல்ல வேண்டும். குருட்டாம்போக்கில் சொன்னாலே மூன்றில் ஒரு முறை சரியாகிவிடும் என்பதால், இடம் மாற்றி ஐந்தாறு சுற்றாவது வையுங்கள்.

அது போகட்டும், பிரியாணிக்கு நீங்கள் வைத்தது சிவப்பா? காய்ந்த மிளகாய் விழுது போட்ட ஆம்பூர் பிரியாணியோடு துவர்ப்பான சிவப்பு ஒயின் சேர்ந்தால் காரம் இன்னும் எரியும். ஆல்கஹால் கூடினாலும் அதே கதை. இலேசான இனிப்புள்ள செனின் பிளாங்க் போன்ற வெள்ளை ஒயினை 8–10 டிகிரிக்குக் குளிரவைத்துக் கொடுங்கள். புளிப்புக் கத்தரிக்காயோடும் ஒத்துப்போகும்.

கேள்வி: சிவப்பு ஒயினை பிரிட்ஜில் வைக்கக் கூடாது என்கிறார்களே? (வாசகி, ஆற்காடு)

பதில்: ஐரோப்பிய வீட்டுக்குச் சொன்னது அது. சிவப்புக்கு 16–18 டிகிரி போதும். கத்திரி வெயிலில் வேலூர் வீடு அதற்கு இரு மடங்கு. பரிமாறுவதற்கு முன் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் பிரிட்ஜில் வையுங்கள். சூடாகக் குடித்தால் ஆல்கஹால் நெடிதான் முன்னால் வரும். வாங்கும்போதே கழுத்தைப் பாருங்கள். கார்க் மேலே தள்ளியிருந்தாலோ பிசுபிசுவென்று கசிந்திருந்தாலோ பாட்டில் வெயிலில் கிடந்தது என்று சந்தேகப்படலாம். எத்தனை ஆயிரம் விலை போட்டிருந்தாலும் வேண்டாம். திருகு மூடியைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். நியூசிலாந்தில் நல்ல ஒயினே அதில்தான் வருகிறது, கார்க்கால் வரும் ஈர அட்டை வாடையும் இருக்காது.

திறந்த பாட்டிலை மூடி, பிரிட்ஜில் நிமிர்த்தி வைத்தால் மூன்று நாள் தாங்கும். நெயில் பாலிஷ் ரிமூவர் வாடை வந்துவிட்டால் சமையலுக்கும் ஆகாது.