கண் வலிக்கவில்லை என்கிறான், ஆனால் கசக்கிக்கொண்டே இருக்கிறான்

கேள்வி: என் மகனுக்கு 8 வயது. சில வாரங்களாகக் கண்ணை இறுக்கி இறுக்கிச் சிமிட்டுகிறான். சாயங்காலமானால் கசக்குகிறான், எதற்கெடுத்தாலும் எரிச்சல். கேட்டால் வலிக்கவில்லை என்கிறான். டேப்லெட் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கொடுப்பதில்லை. இது கெட்ட பழக்கமா? நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடி வாங்கலாமா?

பதில்: முதலில், சிமிட்டுவதற்காக அவனைத் திட்டாதீர்கள். திட்டினால் அது கூடத்தான் செய்யும். திரையை உற்றுப் பார்க்கும்போது நாம் எல்லோருமே சிமிட்டுவது பாதிக்கும் கீழே போய்விடும், கண்ணீர்ப் படலம் காய்ந்து உறுத்தும், அதைச் சரிக்கட்டத்தான் அப்புறம் அவன் இறுக்கி இறுக்கிச் சிமிட்டுகிறானோ என்னவோ. அலர்ஜி, பார்வைக் குறைபாடு, தானாக வரும் தசைத் துடிப்பு ஆகியவற்றாலும் இப்படி வரும் என்பதால் பரிசோதனை அவசியம்.

வலிக்கவில்லை என்று அவன் சொல்வது பொய்யில்லை. கிட்டத்தில் பார்க்கக் கண்ணுக்குள் ஒரு தசை சுருங்கியே இருக்க வேண்டும். குழந்தைகளுக்கு அந்தத் தசை அபாரமாக வேலை செய்வதால் தூரப்பார்வை (கிட்டத்தில் இருப்பது தெளிவாகத் தெரியாத குறை) இருந்தாலும் சமாளித்துவிடுவார்கள், மங்கலாகத் தெரிந்தாலும் எல்லோருக்கும் இப்படித்தான் தெரியும் என்று நினைத்துக்கொள்வார்கள். களைப்பு தலைவலியாக, எரிச்சலாக, படிக்க உட்காராத அடமாக வெளியே வரும். பெற்றோர் அதைக் குணம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். என்னிடம் வருகிற பலர் மணிக்கணக்கைச் சரியாகச் சொல்வார்கள், ஆனால் பிள்ளை திரையை எவ்வளவு கிட்டத்தில் பிடிக்கிறான் என்று கேட்டால் யோசிப்பார்கள்.

இன்று அதைக் கவனியுங்கள். படுத்துக்கொண்டு மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில் பிடித்திருந்தால் இரண்டு மணி நேரமே அதிகம்தான். டேப்லெட்டை மேசையில் நிறுத்தி, முழங்கையிலிருந்து விரல் நுனி வரையிலான தூரமாவது விட்டு உட்காரச் சொல்லுங்கள். 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடிக்கு அப்பால் இருக்கும் எதையாவது 20 விநாடி பார்க்க வேண்டும். இதை அவனாகச் செய்வான் என்று எதிர்பார்க்காதீர்கள், ஒரு வீடியோ முடிந்ததும் எழுந்து ஜன்னல் வரை போய்வரட்டும். தூங்கப்போவதற்கு ஒரு மணி நேரம் முன்பே திரையை அணைத்துவிடுங்கள். பகலில் இரண்டு மணி நேரம் வெளியே விளையாடட்டும், கிட்டப்பார்வை வராமல் தள்ளிப்போட நமக்குத் தெரிந்த எளிய வழி அது. (நீங்களும் சாப்பாட்டு மேசையில் போனை வைத்துக்கொண்டிருந்தால் இதெல்லாம் எடுபடாது.)

நீல ஒளிக் கண்ணாடிக்குக் காசு செலவழிக்க வேண்டாம். அதனால் கண் களைப்பு குறைவதாக ஆய்வுகளில் தெரியவில்லை. காரணம் நிறம் அல்ல, கிட்டத்தில் விடாமல் பார்ப்பதுதான்.

கண்ணாடிக் கடையில் கணினிப் பரிசோதனையோடு நிறுத்தாமல் கண் மருத்துவரிடம் போங்கள், சொட்டு மருந்து விட்டு அந்தத் தசையைத் தளர்த்தினால்தான் உண்மையான பவர் தெரியும். அதன்பிறகு ஒரு நாள், சில மருந்துகளில் அதற்கு மேலும், கிட்டத்தில் மங்கலாகத் தெரியும், வெளிச்சம் கூசும். அதனால் பள்ளி விடுமுறைக்கு முந்தின நாளாகப் பாருங்கள். மாறுகண், தலையைச் சாய்த்துப் பார்ப்பது, ஒற்றைக் கண்ணை மூடிக்கொள்வது, காலையில் வாந்தியோடு தலைவலி, இவற்றில் ஏதாவது இருந்தால் விடுமுறைக்கெல்லாம் காத்திருக்க வேண்டாம், உடனே காட்டுங்கள்.