நமீபியாவில் முதல் வேட்டை: கேள்விகளும் பதில்களும்

சுரங்க வேலைக்காக நமீபியாவில் பத்தொன்பது வருஷம் இருந்தேன். தலைநகர் விண்ட்ஹூக்குக்கு மேற்கே கோமாஸ் மலைப்பக்கமும் வடக்கே பண்ணைகளிலும் விடுமுறை கிடைத்தபோதெல்லாம் வேட்டைக்குப் போயிருக்கிறேன். நான் தொழில்முறை வழிகாட்டி இல்லை. மான் வகைகளைப் பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். யானை, சிங்கம், எருமை வேட்டையில் எனக்கு அனுபவம் இல்லை.

ஹூஸ்டன் வாசகர்: சார், எனக்கு 61 வயது. என் தாத்தா சத்தியமங்கலம் பக்கம் லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருந்தவர். அவர் சொன்ன வேட்டைக் கதைகளைக் கேட்டே வளர்ந்தேன். 1972-ல் சட்டம் வந்ததும் துப்பாக்கி பரணுக்குப் போனது, ஆசை மட்டும் போகவில்லை. மார்ச்சில் ஓய்வு பெற்றுவிட்டேன். பத்து நாள், ஒரே ஒரு கூடூ மான். எங்கிருந்து தொடங்குவது?

சார், 'ஒரே ஒரு கூடூ' என்றீர்களே, பாதி வேலை அங்கேயே முடிந்தது. முதல் முறை வருபவர்கள் ஏழெட்டு விலங்குகளைப் பட்டியல் போட்டு, பத்து நாளும் வண்டியில் அலைந்து, எதையும் சரியாகப் பார்க்காமல் திரும்புவார்கள். கூடூவுக்குப் பத்து நாள் என்பது அளவான திட்டம்.

சீசன் பிப்ரவரி 1 முதல் நவம்பர் 30 வரை. நீங்கள் மே கடைசியிலோ ஜூனிலோ போங்கள். அது இணைசேரும் காலம். மற்ற மாதங்களில் புதருக்குள் மறைந்து நிற்கும் பெரிய கிடா அப்போது பெண் மான்களின் பின்னால் வெளியே வரும். காலையில் குளிர் கடுமையாக இருக்கும், ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். பதிவு பெற்ற வழிகாட்டி கூட இல்லாமல் வெளிநாட்டவர் வேட்டையாட முடியாது. அனுமதிச் சீட்டை வழிகாட்டியே எடுத்துவிடுவார். ஒரு சீட்டில் ஓர் இனத்துக்கு இரண்டுக்கு மேல் கிடையாது. துப்பாக்கியை ஹூஸ்டனிலிருந்தே கொண்டுபோவதாக இருந்தால், புறப்படுவதற்கு முன் அமெரிக்கச் சுங்கத்தில் 4457 படிவத்தில் முத்திரை வாங்கிவிடுங்கள். திரும்பி வரும்போது அது உங்கள் துப்பாக்கிதான் என்பதற்கு அந்தத் தாள்தான் சாட்சி.

இனி முக்கியமான விஷயம். இதை நான் எல்லோரிடமும் சொல்வேன், இன்றும் பலமுறை சொல்வேன்: முக்காலிக் குச்சியில், அதாவது துப்பாக்கியைத் தாங்கும் மூன்று கால் தாங்கியில், சுட்டுப் பழகுங்கள். ரேஞ்சில் மேஜை மேல் மணல் மூட்டை வைத்துச் சுடும் பழக்கம் அங்கே உதவாது. புல் இடுப்புயரம் இருக்கும், படுத்துச் சுட முடியாது. வழிகாட்டி குச்சியை விரித்து வைப்பார், நீங்கள் நின்றபடி சுட வேண்டும். மூச்சு வாங்கும், கை நடுங்கும். போவதற்கு முன் இருநூறு தோட்டாவாவது அப்படி நின்று சுட்டுப் பார்த்துவிடுங்கள்.

குறி வைக்கும் இடமும் வேறு. அமெரிக்க மானுக்குத் தோளுக்குப் பின்னால் சுடச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். ஆப்பிரிக்க மான்களுக்கு இதயமும் நுரையீரலும் இன்னும் முன்னால், இன்னும் கீழே இருக்கும். பக்கவாட்டில் நிற்கும்போது முன்னங்காலின் நேர்மேலே, உடம்பின் கீழ்ப்பக்கம் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் வையுங்கள்.

இதை நான் அனுபவத்தில் கற்றேன். என் இரண்டாவது வருஷம் ஓர் ஓரிக்ஸ் மானைத் தோளுக்குப் பின்னால் சுட்டேன். அது ஒரு துள்ளு துள்ளிவிட்டு ஓடிவிட்டது. தடம் பார்ப்பவர் குனிந்து ஒரு புல் இதழைக் கிள்ளி என்னிடம் நீட்டினார். அதில் இருந்த ரத்தம் கறுஞ்சிவப்பாக, நுரையே இல்லாமல் இருந்தது. குண்டு ஈரலில் பட்டிருக்கிறது என்று அர்த்தம். நுரையீரல் என்றால் வெளிர் சிவப்பில் குமிழி கட்டியிருக்கும். இருட்டும் வரை தேடினோம். மறுநாள் காலையில்தான் கிடைத்தது, நரிகள் அதற்கு முன்பே வந்து போயிருந்தன. அந்த விலங்கு எவ்வளவு நேரம் உயிரோடு கிடந்தது என்பது எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு சந்தேகம் இருக்கும்போது நான் விசையைத் தொட்டதில்லை.

டாலஸ் வாசகர்: .30-06 ரைஃபிள் போதுமா, அதைவிட வலுவான .300 மேக்னம் வாங்க வேண்டுமா?

போதும். கூடூ, ஓரிக்ஸ், எலாண்டு போன்ற பெரிய மான்களுக்கு நமீபியச் சட்டம் கேட்பது குழல்வாயில் 2,700 ஜூல் ஆற்றல். .30-06 சுமார் 3,900 தரும். ஸ்பிரிங்பாக் என்ற சின்ன மானுக்கு 1,350 போதும். எருமைக்கு 5,400 வேண்டும், அது வேறு துப்பாக்கி. உங்களிடம் பழகிய ரைஃபிள் இருந்தால் அதையே கொண்டுபோங்கள். மேக்னம் தோளில் உதைத்தால் கண் தானாக மூடும், குறி தப்பும்.

மதுரை வாசகர்: அண்ணா, மொத்தம் எவ்வளவு செலவாகும்?

தம்பி, மொத்தமாக ஒரு தொகையைச் சொல்பவரை நம்பாதீர்கள். தங்குமிடம், சாப்பாடு, வழிகாட்டி எல்லாம் சேர்ந்தது நாள் கட்டணம். விலங்குக்கு டிராஃபி கட்டணம் தனி, கூடூவுக்கு அது ஓரிக்ஸைவிட நன்றாகவே அதிகம். அப்புறம் கொம்பையும் தோலையும் பாடம் செய்வது, பெட்டி கட்டி அனுப்புவது, பணியாளர்களுக்கு அன்பளிப்பு. பாடம் செய்து வீட்டுக்கு அனுப்பும் செலவில்தான் பலர் மாட்டுகிறார்கள். அதை முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இன்னொன்று: ஒரு சொட்டு ரத்தம் சிந்தினாலும், விலங்கு கிடைக்காவிட்டாலும், முழுக் கட்டணம் உண்டு. அது நியாயமான விதி. கூட்டத்தில் சுடாதீர்கள், குண்டு ஊடுருவிப் பின்னால் நிற்பதையும் தைக்கும். வல்வில் ஓரி ஒரே அம்பில் யானை முதல் உடும்பு வரை தைத்தது புகழானது. இங்கே இரண்டாவது விலங்குக்கும் நீங்கள்தான் பணம் கட்ட வேண்டும்.

இந்தியாவிலிருந்து போவதால் இதையும் சொல்கிறேன். கொம்பையோ தோலையோ ஊருக்குக் கொண்டுவர நினைக்காதீர்கள், சட்டச் சிக்கல் பெரிது. துப்பாக்கியைப் பண்ணையிலேயே வாடகைக்கு எடுங்கள். படத்தோடு திரும்புங்கள்.

சிங்கப்பூர் வாசகர்: .308 போதுமா?

போதும். டாலஸ் நண்பருக்குச் சொன்னதைப் பாருங்கள்.

கோவை வாசகர்: இத்தனை பேர் ஆர்வமாகக் கேட்கிறீர்கள். பணம் கட்டி ஓர் உயிரைக் கொல்வதை எப்படி ஐயா ஆசை என்கிறீர்கள்?

அம்மா, நேர்மையான கேள்வி, தட்டிக்கழிக்க மாட்டேன். கொல்வதுதான், அதற்கு வேறு பெயர் வைக்கவில்லை. நான் நமீபியாவில் பார்த்ததை மட்டும் சொல்கிறேன். ஒரு காலத்தில் அங்கே பண்ணைக்காரர்களுக்கு மான்கள் என்றால் மாட்டின் தீவனத்தைத் தின்னும் தொல்லை. 1960-களிலும் 70-களிலும் வந்த சட்டங்கள் வேலி போட்ட தம் நிலத்து மான்கள் மேல் அவர்களுக்கு உரிமை கொடுத்தன. மானுக்கு விலை வந்ததும் மாட்டைக் குறைத்து மானை வளர்த்தார்கள். 1996-ல் வந்த சட்டத் திருத்தம் அதே உரிமையைப் பொது நிலத்துக் கிராமங்களுக்கும் தந்தது. 1998-ல் முதல் நான்கு சமூகக் காப்பகங்கள், இன்று எண்பதுக்கு மேல். வேட்டைக் கட்டணத்தில் காவலாளிக்குச் சம்பளம் போகிறது, கறி ஊருக்குப் போகிறது.

கோவை வாசகர்: படம் எடுக்க வருபவர்கள் அதைவிட அதிகம் தருவார்களே? ஒரு சிங்கத்தை ஆயிரம் பேர் பார்க்கலாம், ஒருவர்தான் சுடலாம். 2015-ல் ஜிம்பாப்வேயில் செசில் சிங்கத்தைக் கொன்றபோது உலகமே அழுததே.

எட்டோஷா தேசியப் பூங்கா போன்ற இடத்தில் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. செசில் சமாச்சாரத்தில் யாருக்கும் வக்காலத்து வாங்க மாட்டேன். ஆனால் சாலையே இல்லாத, தண்ணீர் இல்லாத வறண்ட பகுதிக்குச் சுற்றுலாப் பேருந்து வராது. அங்கே விடுதி கட்ட முதல் போட யாரும் இல்லை. வேட்டைக்காரர் இரண்டு பேர் கூடாரத்தோடு வருவார்கள். அந்தப் பணம் இல்லையென்றால் அங்கே ஆடுதான் மேயும். கென்யா 1977-ல் வேட்டையைத் தடை செய்தது. 1977-க்கும் 2016-க்கும் இடையில் அதன் மேய்ச்சல் நிலங்களில் காட்டு விலங்குகள் சராசரியாக 68 சதவீதம் குறைந்தன என்று ஆய்வு இருக்கிறது. தடைதான் காரணம் என்று சொல்லவில்லை. மக்கள் தொகை, வேலி, கால்நடை எல்லாம் உண்டு. தடை மட்டும் காப்பாற்றிவிடவில்லை என்கிறேன், அவ்வளவுதான்.

டர்பன் வாசகர்: நான் தென்னாப்பிரிக்காவிலேயே பிறந்தவன். இங்கே கூண்டில் வளர்த்த சிங்கத்தைத் திறந்துவிட்டுச் சுட வைக்கிறார்களே, அதையும் காப்பாற்றும் வேட்டை என்பீர்களா?

இல்லை. இதில் கோவை அம்மாவோடும் உங்களோடும் நிற்கிறேன். குட்டியில் சுற்றுலாப் பயணிகள் தடவிக்கொடுத்து, வளர்ந்ததும் வேலிக்குள் விட்டுச் சுடுவது வேட்டையே அல்ல. தென்னாப்பிரிக்க அரசே 2021-ல் அந்த வளர்ப்பை முடிவுக்குக் கொண்டுவரப் போவதாக அறிவித்தது. இங்கே கேள்வி கேட்கும் எல்லோருக்கும் சொல்கிறேன்: மலிவாகச் சிங்கம் என்று யாராவது ஆசை காட்டினால் அவர்களோடு பேச்சை நிறுத்துங்கள்.

கோவை வாசகர்: சரி, அந்த அளவில் ஒத்துப்போகிறோம். ஆனாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை.

ஒப்பவேண்டும் என்று நான் கேட்கவில்லை அம்மா. என் மனைவிக்கும் கடைசி வரை ஒப்பவில்லை.

ஒரு வாசகர்: எந்த கேலிபர் (துப்பாக்கிக் குழல் அளவு) நல்லது?

மேலே இரண்டு முறை சொல்லிவிட்டேன். இனி இதற்குப் பதில் இல்லை. பாக்கி இருக்கும் நேரத்தைக் குச்சியில் சுட்டுப் பழகுவதற்குச் செலவிடுங்கள்.

டொராண்டோ வாசகர்: உடை? தடுப்பூசி?

காக்கி, மங்கிய பச்சை. ராணுவப் புள்ளிச் சட்டை வேண்டாம், ஜிம்பாப்வேயில் அதைப் பொதுமக்கள் போடுவதே குற்றம். கடித்துத் தூக்க நோயைப் பரப்பும் சேட்சி ஈ இருக்கும் நாடுகளுக்குப் போனால் நீலமும் கறுப்பும் வேண்டாம், அந்த ஈ அந்த நிறங்களைத் தேடி வரும். தடுப்பூசிக்கு டாக்டரைக் கேளுங்கள். நான் சொல்லக்கூடியது ஒன்றுதான்: நமீபியாவில் கூடூக்களுக்கு ரேபிஸ் வரும். மனிதரைக் கண்டு ஓடாமல், வாயில் நுரை தள்ளி நிற்கும் கூடூவைத் தொடாதீர்கள், வீட்டு மாடு மாதிரி சாதுவாகத் தெரிந்தாலும்.

நியூஜெர்சி வாசகர்: .270-இல்...

குச்சியில் பழகுங்கள்.

ஹூஸ்டன் வாசகர்: சார், கடைசியாக ஒன்று. அந்த நாள் எப்படி இருக்கும்? தாத்தாவிடம் கேட்க மறந்த கேள்வி அது.

விடியும் முன் கிளம்புவீர்கள். முன்னால் நடப்பவர் இடுப்பில் ஒரு சின்னத் துணிப்பை தொங்கும், உள்ளே அடுப்புச் சாம்பல். பத்து அடிக்கு ஒரு தரம் அதைத் தட்டுவார். சாம்பல் எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்துத் திசை மாற்றுவார். புழுக்கையை விரலால் அமுக்கிப் பார்ப்பார். சூடாக இருந்தால் கையை உயர்த்துவார், எல்லோரும் நின்றுவிட வேண்டும். கூடூவின் உடம்பை முதலில் பார்க்க மாட்டீர்கள். சாம்பல் நிறப் புதரில் ஒரு காது அசையும். அப்புறம் இலை இல்லாத கிளை என்று நினைத்தது மெதுவாகத் திரும்பும், கொம்பு. விலாவில் வெள்ளைக் கோடுகள் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பிக்கும். பெரும்பாலான நாட்கள் அதோடு முடிந்துவிடும். ஒரு தாவலில் அது போய்விடும்.

கிடைத்த நாளில், சாயங்காலம் ஈரலை மெல்லிசாக அரிந்து கல்லில் போடுவார்கள். நான் பையில் எப்போதும் கொஞ்சம் மிளகுத்தூள் வைத்திருப்பேன். நீங்களும் எடுத்துப்போங்கள், தடம் பார்ப்பவருக்கும் ஒரு பொட்டலம் கொடுங்கள்.