எண்பத்தொரு இதழ்கள்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

சிங்கப்பூரில் என்னோடு வேலை செய்யும் சீனத் தோழி டிசம்பர் 22 அன்று வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறார். தோங்ஜி பண்டிகையாம், குளிர் முடிந்ததைக் கொண்டாடும் நாள் என்று படித்தேன். இஞ்சிப் பாகில் மிதக்கும் தாங்யுவான் உருண்டையைச் சாப்பிட்டால் ஒரு வயது கூடுமாம். குளிரில் விறைத்த காதுகளைக் குணமாக்க ஒரு வைத்தியர் ஆட்டுக்கறியும் மிளகாயும் போட்டுச் செய்ததுதான் வடசீனத்துக் கொழுக்கட்டையாம். இதற்கெல்லாம் அறிவியல் காரணம் உண்டா? நம் பொங்கல்தான் அங்கே போனதா? நான் என்ன வாங்கிப் போவது?

கே., சிங்கப்பூர்

அன்புள்ள கே.,

பொங்கல் பேச்சை விடுங்கள். சூரியன் எல்லார் தலைக்கு மேலும்தான் வருகிறது. அதைப் பார்க்க யாரும் நம்மிடம் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. வயது கூடுவதற்கு அறிவியல் காரணம் தேடுவதையும் நிறுத்துங்கள். கொடுத்தால் சாப்பிடுங்கள், ஒரு வயது கூடட்டும். அந்தக் கதையின் வைத்தியர் சாங் சோங்ஜிங் ஹான் அரச வம்சக் காலத்து மனிதர், குளிர் நோய்களைப் பற்றி எழுதியவர். ஆனால் மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து சீனாவுக்கு வந்தது அவருக்கு ஆயிரம் வருஷத்துக்கும் மேல் கழித்து. கதையை ரசியுங்கள், மிளகாயை எடுத்துவிடுங்கள்.

'குளிர் முடிந்ததைக் கொண்டாடும் நாள்' என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் என்னால் தாண்டிப் போக முடியவில்லை. தவறு, கே. முழுத் தவறு. அன்றுதான் கடுங்குளிர் தொடங்குகிறது. பகல் அன்றைக்கு மிகக் குறுகல், பெய்ஜிங்கில் ஒன்பதரை மணி நேரம்கூட இல்லை. மறுநாளிலிருந்து வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாக வளரும். குளிரும் கூடவே வளரும், ஏனென்றால் நிலமும் நீரும் சூடு இழப்பது உடனே நின்றுவிடாது. அதனால் வடசீனத்தார் தோங்ஜியிலிருந்து ஒன்பது ஒன்பது நாட்களாக, 81 நாட்களை எண்ணுகிறார்கள். அதற்கு ஒரு பாட்டே இருக்கிறது: முதல் இரண்டு ஒன்பதில் கையை வெளியே நீட்டாதே, மூன்றிலும் நான்கிலும் பனிக்கட்டி மேல் நட, ஐந்திலும் ஆறிலும் ஆற்றோரம் வில்லோ மரத்தைப் பார், ஏழில் உறைந்த நதி திறக்கும், எட்டில் காட்டுவாத்து வரும். மிகக் கொடியது மூன்றாம் ஒன்பது, ஜனவரி நடுவில். வெளிச்சம் திரும்பிய பிறகு வரும் குளிர் அது! இது புரியாமல் தாங்யுவானைப் பற்றி என்ன பேசுவது?

எனக்கு இதைப் புரியவைத்தது பெய்ஜிங்கில் நான் வேலை பார்த்தபோது குடியிருந்த வீட்டுக்காரம்மா. அயீ என்று கூப்பிடுவேன், நம் சித்தி மாதிரி. தோங்ஜி அன்று கொழுக்கட்டைக் கிண்ணத்தை என் முன்னால் வைத்து, "சாப்பிடாவிட்டால் காது உறைந்து விழும், யாரும் கேட்க மாட்டார்கள்" என்று அதட்டினார். அப்புறம் சுவரில் ஒரு தாளை ஒட்டினார். ஒரு பிளம் கிளை, ஒன்பது பூ, பூவுக்கு ஒன்பது இதழ், எல்லாம் வெறும் கோடு. தினமும் ஒரு இதழுக்குச் சிவப்பு தீட்ட வேண்டும்.

அந்தக் குளிர்காலத்தில் அம்மா மதுரையில் ஆஸ்பத்திரியில் இருந்தாள். ராத்திரி போன் செய்தால் உடம்பைப் பற்றிப் பேசமாட்டாள். "இன்னைக்கு எத்தனாவது இதழ்?" என்பாள். இருபத்திரண்டு என்றால், "இன்னும் அம்பத்தொம்பது" என்று அவளே கழித்துச் சொல்வாள். கணக்கில் அவள் கெட்டி. நாற்பதாவது இதழைத் தீட்டிய ராத்திரி அண்ணன் போன் செய்தான். காலையில் கிளம்பினேன்.

உங்கள் தோழி வீட்டுக்கு ஆரஞ்சு வாங்கிப் போங்கள். கொஞ்சம் சீக்கிரமே போய், மாவு உருட்டுகிற இடத்தில் உட்காருங்கள்.

காரியம் முடிந்து நான் பெய்ஜிங் திரும்பியபோது அயீ எதுவும் கேட்கவில்லை. நான் இல்லாத பதினேழு நாள் இதழ்களையும் அவரே தீட்டி வைத்திருந்தார். என் மை தீர்ந்துபோயிருக்க வேண்டும். அவை மட்டும் வேறு சிவப்பு.