வன்னியிலிருந்து காலிக் கோட்டைக்கு: ஒரு நாளில் எல்லாம் பார்க்கலாமா?

கேள்வி: மாங்குளத்தில் இருந்து பிள்ளைகளோடு காலிக் கோட்டை பார்க்கப் போகிறோம். ஒரே நாளில் எல்லா நூதனசாலைகளும் பார்த்து முடிக்கலாமா?

முடிக்கலாம், ஆனால் முடிக்க வேண்டாம். நான் முல்லைத்தீவு. முதல்தரம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனபோது, இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்று ஒன்றும் விடாமல் ஏறி இறங்கினேன். மதியத்துக்குள் அம்மா ஒரு வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். அன்று பார்த்ததில் பாதி எனக்கே நினைவில் இல்லை. இரண்டாம் தரம் போனபோதுதான் உண்மையில் பார்த்தேன்.

காலிக்குப் போக முதல் கொழும்புத் தேசிய நூதனசாலையில் இறங்குங்கள். இரவு பஸ்ஸில் போனால் விடியக் கொழும்பில் நிற்பீர்கள், நேரம் இருக்கும். அங்கே காலி மும்மொழிக் கல்வெட்டு இருக்கிறது. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே கொண்டுவந்த கல் அது. 1409 ஆம் ஆண்டு பொறித்தது. சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழி. சீனத்தில் புத்தருக்குக் காணிக்கை சொல்லியிருக்கிறது, தமிழில் தேனாவரை நாயனார் என்ற தெய்வத்துக்கு. தேனாவரை என்றால் இலங்கையின் தென்முனையில் இருக்கிற இன்றைய தெவிநுவர. 1000 பொன்னும் 5000 வெள்ளியும் என்று கணக்கோடு எழுதியிருக்கிறார்கள். அந்தக் கல்லை 1911 இல் காலியில் ஒரு மதகுக்கு மேல், எழுத்து கீழ்ப்பக்கமாகக் கவிழ்த்துப் போட்டிருந்தபடி கண்டெடுத்தார்கள். எழுத்து நல்லாய்த் தேய்ந்துவிட்டது. அதில் தமிழ் எந்தப் பக்கம் என்று பிள்ளைகளையே தேடச் சொல்லுங்கள். என் மகள் கண்ணாடி போட்ட அம்மம்மாவை முந்திக்கொண்டு கண்டுபிடித்தாள். 600 வருடத்துக்கு முன் தெற்குக் கரையில் வியாபாரம் பேசத் தமிழும் வேண்டியிருந்தது என்பதை அவளுக்கு நான் விளக்க வேண்டி வரவில்லை.

பிறகு கொழும்புக் கோட்டை ஸ்டேஷனில் காலி ரயில் ஏறுங்கள். வலப்பக்கம் இருந்தால் கடலைப் பார்த்துக்கொண்டே போகலாம். காலி ஸ்டேஷனில் இருந்து கோட்டைக்கு நடை தூரம்தான்.

வரலாறு சுருக்கமாக: 1588 இல் போர்த்துக்கேயர் தொடங்கியது, 1640 இல் ஒல்லாந்தர் பிடித்து 1663 முதல் பெரிதாகக் கட்டியது, 1796 இல் ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1988 இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. இன்றும் உள்ளே சனம் குடியிருக்கிறது, பள்ளிவாசலில் தொழுகை நடக்கிறது.

துறைமுகப் பக்கத்துப் பழைய வாசலுக்குக் கட்டாயம் போங்கள். வெளிப்பக்கம் ஆங்கிலேயச் சின்னம். உள்ளே போய்த் திரும்பிப் பார்த்தால் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் சின்னம், இரண்டு சிங்கம், மேலே ஒரு சேவல், 1669 என்ற ஆண்டு. ஒரே வாசலில் இரண்டு ஆட்சி.

நூதனசாலை ஒன்று போதும் என்றால் கடல்சார் தொல்பொருள் நூதனசாலையைத்தான் சொல்வேன். ஒல்லாந்தரின் பெரிய பண்டகசாலைக் கட்டிடம் அது. 1659 இல் காலித் துறைமுகத்திலேயே மூழ்கிய அவொண்ட்ஸ்டர் என்ற கப்பலில் இருந்து எடுத்த பொருட்கள் இருக்கின்றன. 2004 சுனாமியில் நூதனசாலையும் அடிபட்டது. கடலுக்கு அடியில் இருந்து சுழியோடிகள் பாடுபட்டு எடுத்தவற்றில் கனக்க திரும்பவும் கடலோடு போய்விட்டன. அதைக் கேட்டதும் அம்மா பேசாமல் நின்றார். எங்கள் வீடும் அதே காலையில்தான் போனது.

மற்றவை உங்கள் விருப்பம். 1755 இல் கட்டிய ஒல்லாந்தர் தேவாலயத்தில் நிலமெல்லாம் கல்லறைக் கற்கள். அரை மணித்தியாலம் போதும். தனியார் நூதனசாலைகளைப் பிள்ளைகள் கேட்டால் மட்டும் பாருங்கள். அரச நூதனசாலைகள் எந்த நாளில் பூட்டு என்று முதலே விசாரித்துவிட்டுப் புறப்படுங்கள்.

நாலு மணிக்குப் பிறகு மதிலில் ஏறி, வெளிச்சவீட்டில் இருந்து மேற்குப் பக்கமாக நடவுங்கள். தொப்பியும் தண்ணீரும் வேண்டும், மதிலின் மேல் நிழல் குறைவு. கடல் பக்கத்தில் கைபிடிச் சுவர் இல்லாத இடங்கள் உண்டு, சின்னப் பிள்ளைகளின் கையை விடாதீர்கள். சுனாமி அன்று காலிப் பட்டினம் அழிந்தபோது கோட்டைக்குள் இருந்தவர்களை இந்த மதில்தான் காத்தது. அதைச் சொன்னேன். அம்மா குனிந்து, அந்தக் கல்லை உள்ளங்கையால் தடவினார். "எங்களுக்கு ஒரு மதிலும் இருக்கேல்லையே தம்பி" என்றார். இருட்டும் வரை அங்கேயே இருந்தோம்.

இன்னொன்று. திரும்பி வந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒட்டுசுட்டான் பக்கம் கற்சிலைமடுவுக்கும் பிள்ளைகளைக் கூட்டிப்போங்கள். முல்லைத்தீவில் ஒல்லாந்தர் கட்டிய கோட்டையை ஆங்கிலேயரிடம் இருந்து 1803 இல் பிடித்த வன்னிச் சிற்றரசன் பண்டாரவன்னியனை, அதே ஆண்டு ஒக்டோபர் 31 இல் கப்டன் வொன் ட்ரிபேர்க் தோற்கடித்ததாக ஆங்கிலேயர் கல் நட்ட இடம் அது. மாங்குளத்தில் இருந்து முல்லைத்தீவு வீதியில் வந்தால் அரை நாளில் போய்த் திரும்பலாம்.