டெபோரா கார்: ஹாலிவுட்டுக்குப் போகும் முன்

கடற்கரை அலையில் பர்ட் லங்காஸ்டரோடு முத்தமிடும் காட்சி, பெரிய கவுனில் யுல் பிரின்னரோடு சுழன்றாடும் காட்சி. நடிகை டெபோரா கார் என்றதும் நம்மில் பலருக்கு நினைவு வருவது இந்த இரண்டும்தான். இரண்டுமே ஐம்பதுகளில் வந்தவை. அதற்கு முந்தைய பிரிட்டிஷ் காலத்தைப் பற்றி மட்டும் கேளுங்கள் என்று வாசகர்களிடம் சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் இதோ.

கேள்வி: சார், முதலில் பெயரைச் சொல்லுங்கள். கெர்ரா, காரா? நிஜமாகவே ஸ்காட்லாந்துக்காரரா?

கார்தான். ஸ்டார் என்பதோடு ஒலி ஒத்துவரும் என்று எம்ஜிஎம் என்ற ஹாலிவுட் பட நிறுவனம் விளம்பரமே செய்தது. 1921 செப்டம்பர் 30-ஆம் தேதி கிளாஸ்கோவில் பிறந்தார். முதல் மூன்று வருஷம் வளர்ந்தது பக்கத்திலுள்ள ஹெலன்ஸ்பரோ என்ற கடலோர ஊரில். அப்பா முதல் உலகப் போரில், சோம் சண்டையில், ஒரு காலை இழந்தவர். பிற்பாடு கப்பல் வடிவமைக்கும் வேலை பார்த்தார். வீட்டுப் பெயர் டிரிம்மர். கார் என்பது முன்னோர் வழி வந்த பெயர், சினிமாவுக்காக அதை எடுத்துக்கொண்டார். பள்ளிப் படிப்பெல்லாம் இங்கிலாந்தில், பிரிஸ்டல் பக்கம். அதனால் பேச்சில் ஸ்காட்லாந்து வாடையைத் தேடினால் ஏமாந்துபோவீர்கள்.

கேள்வி: நடிகையாக வேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே ஆசையா?

இல்லை, முதலில் பாலே. அம்மா வழி உறவான பிலிஸ் ஸ்மேல், பிரிஸ்டலில் ஒரு நாடகப் பள்ளியில் இவருக்கு நடிப்புச் சொல்லிக்கொடுத்தார். ஆனாலும் பெண் போய்ச் சேர்ந்தது லண்டன் சாட்லர்ஸ் வெல்ஸ் பாலே பள்ளியில். 1938-இல் அங்கே குழு நடனத்தில் பத்தோடு பதினொன்றாக மேடையேறினார். அதே மேடையில் மார்கோ ஃபான்டெய்ன் நாயகியாக ஆடிக்கொண்டிருந்த காலம் அது. அந்த உயரத்துக்குப் போட்டி போடுவதென்றால் யாருக்குமே மலைப்பாகத்தான் இருந்திருக்கும். சீக்கிரமே நாடகத்துக்குத் திரும்பிவிட்டார். ரீஜன்ட்ஸ் பார்க் திறந்தவெளி அரங்கில் ஷேக்ஸ்பியர் நாடகங்களில் வந்து நின்றுவிட்டுப் போகும் வேடங்கள், அப்புறம் 1940-இல் ஆக்ஸ்ஃபோர்ட் பிளேஹவுஸ் குழு. ஒரே குழு நாடகத்தை மாற்றி மாற்றிப் போடும் இடம் அது. ஒன்றை நடித்துக்கொண்டே அடுத்ததை மனப்பாடம் செய்தாக வேண்டும். சோம்பேறிகளுக்கு ஆகாது.

பாலே வீணாகவில்லை என்பது என் கட்சி. எந்தப் படத்திலாவது அவர் எழுந்து நிற்பதை, மாடிப்படி இறங்குவதைக் கவனியுங்கள். கழுத்தும் முதுகும் காட்டிக்கொடுத்துவிடும்.

கேள்வி: முதல் படத்திலேயே வெட்டி எறிந்துவிட்டார்களாமே?

ஆமாம். 1940-இல் வந்த 'கான்ட்ராபேண்ட்'. இரவு விடுதியில் சிகரெட் விற்கும் பெண் வேடம். படம் வந்தபோது அவர் அதில் இல்லை. எடுத்தவர்கள் மைக்கேல் பவல், எமரிக் பிரஸ்பர்கர் ஜோடி. அதே ஜோடி மூன்றே வருஷத்தில் ஒரே படத்தில் இவருக்கு மூன்று வேடம் கொடுத்தது.

திரையில் முதலில் தெரிந்தது 1941-இல், பெர்னார்ட் ஷாவின் நாடகத்தைப் படமாக்கிய 'மேஜர் பார்பரா'வில். தயாரித்து இயக்கியவர் கேப்ரியல் பாஸ்கல். சால்வேஷன் ஆர்மி என்ற கிறிஸ்தவச் சேவை அமைப்பின் சீருடை போட்ட ஜென்னி ஹில் என்ற சின்னப் பெண். ராபர்ட் நியூட்டன் நடித்த முரடன் அவளை முகத்தில் அறைகிறான். அவளோ அவனுக்காகவே ஜெபம் செய்கிறாள். கொஞ்சம் பிசகினாலும் அசடு வழிந்திருக்கும் வேடம். அந்தப் பெண்ணுக்கு மன்னிப்பது சாப்பிடுவது தூங்குவது மாதிரி அன்றாடக் காரியம் என்ற தோரணையில் நடித்திருக்கிறார். வெளியே லண்டன்மேல் ஜெர்மன் குண்டு விழுந்துகொண்டிருந்த நாட்களில் எடுத்த படம் என்பதும் சேர்ந்துகொள்கிறது.

கேள்வி: அண்ணா, இவர் எப்போதுமே கண்ணியமான சீமாட்டி வேடம்தானே செய்தார்? எனக்கு என்னவோ ஒட்டவில்லை.

உங்களைக் குறை சொல்ல மாட்டேன், ஹாலிவுட் அப்படித்தான் பழக்கிவிட்டது. அதற்கு மருந்தாக 'லவ் ஆன் த டோல்' பாருங்கள், 1941. வால்டர் கிரீன்வுட்டின் நாவல். இங்கிலாந்தின் சால்ஃபோர்டில் ஹாங்கி பார்க் என்ற தொழிலாளர் குடியிருப்பு. வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடிய முப்பதுகள். இதைப் படமாக்க 1936-இல் கேட்டபோது பிரிட்டிஷ் தணிக்கைக்காரர்கள் முடியவே முடியாது என்றார்கள். போர் வந்து, உழைக்கும் ஜனங்களின் ஒத்துழைப்பு வேண்டும் என்றானதும் மனசு மாறியது!

அதில் இவர் சாலி ஹார்ட்காசில், மில் வேலைக்காரி. வயது பத்தொன்பதுதான். கல்யாணம் செய்துகொள்ள இருந்தவன் ஊர்வலக் கலவரத்தில் செத்துப்போகிறான். அப்பாவுக்கும் தம்பிக்கும் வேலை இல்லை. பந்தயப் பணத்தில் கொழுத்த சாம் கிரண்டி ரொம்ப நாளாக அவள்மேல் கண் வைத்திருக்கிறான். கடைசியில் அவனிடமே போகிறாள், தெரிந்தே போகிறாள். மானம் போச்சே என்று அப்பா கத்தும்போது அவள் திருப்பிக் கேட்கும் இடம் இருக்கிறதே, அங்கே அழுகை இல்லை, கெஞ்சல் இல்லை. வீட்டுக் கணக்கைச் சொல்வதுபோலச் சொல்கிறாள். பார்க்கிற நமக்குத்தான் தொண்டை அடைக்கும். ஹாலிவுட் இந்தச் சாலியை மறந்தே போனது என்பதுதான் எனக்கு இன்னும் ஆறாத குறை.

கேள்வி: ஸ்காட்லாந்துப் பெண்ணாகவே நடித்த படம் உண்டா?

'ஹேட்டர்ஸ் காசில்', ஏ.ஜே. குரோனின் கதை. தொப்பிக் கடைக்காரரின் மகள் மேரி. அப்பாவின் கொடுமை, ஏமாற்றிய காதலன், டே ஆற்றுப் பாலம் இடிந்து ரயில் விழுவது என்று மெலோடிராமா மூட்டை மூட்டையாக இருக்கும். டாக்டராக ஜேம்ஸ் மேசன். ஒருமுறை பார்க்கலாம். குரோனின் பிறந்த கார்டிராஸ், ஹெலன்ஸ்பரோவுக்குப் பக்கத்து ஊர்தான்.

கேள்வி: 'கர்னல் பிளிம்ப்' படத்தில் மூன்று வேடம் என்கிறார்கள். எதற்காக மூன்று? வெறும் வித்தை காட்டத்தானா?

இல்லவே இல்லை, படத்தின் உயிரே அதில்தான் இருக்கிறது. முன்பு சொன்ன பவல், பிரஸ்பர்கர் ஜோடியின் படம்தான் இது. கிளைவ் காண்டி என்ற ராணுவ அதிகாரியின் நாற்பது வருஷ வாழ்க்கை. 1902-இல் பெர்லினில் ஈடித் என்ற ஆங்கிலேய ஆசிரியையைச் சந்திக்கிறான். அவள்மேல் தனக்குக் காதல் என்பதே, தியோ என்ற ஜெர்மன் நண்பனை அவள் மணக்கப்போகிறாள் என்று தெரிந்த பிறகுதான் அவனுக்கு உறைக்கிறது. அதற்கப்புறம் ஆயுசு முழுக்க அந்த முகத்தையே தேடுகிறான். முதல் உலகப் போரில் பார்பரா என்ற நர்ஸ் அதே முகத்தோடு வருகிறாள், மணந்துகொள்கிறான். இரண்டாம் போரில் அவன் கிழவனானபோது கார் ஓட்டவரும் பெண்ணுக்கும் அதே முகம்.

எடுத்தது 1942-இல். முதலில் இந்த வேடத்துக்குப் பேசியிருந்தது வெண்டி ஹில்லரை. அவர் கர்ப்பமாக இருந்ததால் வாய்ப்பு இருபது வயதுப் பெண்ணுக்கு வந்தது. மூன்று பேரையும் ஒப்பனையால் பிரிக்கவில்லை என்பதுதான் அழகு. ஈடித் உயர்ந்த காலருக்குள் நிமிர்ந்து உட்கார்ந்து, வாதாடக் காத்திருப்பவள் போலப் பேசுவாள். பார்பராவிடம் ஒரு சாந்தம். டிரைவர் பெண் மூச்சுவிடாமல் பொரிந்து தள்ளுவாள். ஏஞ்சலா என்ற பெயரே பிடிக்காமல் ஜானி என்று கூப்பிடச் சொல்வாள். மனைவியை இழந்த தியோ, காரில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து வரும்போது அந்த முகத்தைப் பார்க்கிறானே, அங்கே கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். அவன் மனசில் ஓடுவது எதுவும் அவளுக்குத் தெரியாது. தெரியாதவளாகவே நடித்திருக்கிறார்.

இன்னொரு விஷயம், பிரதமர் சர்ச்சிலுக்கு இந்தப் படமே ஆகவில்லை. தடுத்து நிறுத்தப் பார்த்தார். கிளைவ் வேடத்துக்கு லாரன்ஸ் ஒலிவியரைப் படையிலிருந்து விடவும் மறுத்துவிட்டார்கள். ரோஜர் லிவ்சி நடித்தார். நமக்கு நஷ்டமில்லை.

கேள்வி: சினிமா வந்ததும் மேடையை விட்டுவிட்டாரா?

விடவில்லை. 1943-இல் லண்டன் கேம்பிரிட்ஜ் தியேட்டரில் ஷாவின் 'ஹார்ட்பிரேக் ஹவுஸ்', எல்லி டன் வேடம். உடன் நடித்தவர்கள் ஈடித் எவன்ஸ், ராபர்ட் டோனட் மாதிரி ஜாம்பவான்கள். போர் முடியும் தறுவாயில் துருப்புகளுக்குக் கேளிக்கை தரும் என்சா அமைப்புக்காக 'கேஸ்லைட்' நாடகத்தோடு பெல்ஜியம், பிரான்ஸ், ஹாலந்து என்று சுற்றினார். அந்தச் சுற்றில்தான் விமானப்படை வீரர் ஆன்டனி பார்ட்லியைச் சந்தித்தார். 1945 நவம்பரில் கல்யாணம்.

கேள்வி: மைக்கேல் பவலோடு காதல் என்று படித்தேனே?

பவலே தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். இதற்கு மேல் நான் என்ன சொல்ல?

கேள்வி: 'பிளாக் நார்சிசஸ்' நம் நாட்டில் எடுத்ததா, அக்கா சத்தியம் செய்கிறார் இமயமலைதான் என்று.

அக்காவிடம் மெதுவாகச் சொல்லுங்கள், ஒரு அடிகூட இந்தியாவில் எடுக்கவில்லை. லண்டனை ஒட்டிய பைன்வுட் ஸ்டுடியோ. மலையும் பள்ளத்தாக்கும் கண்ணாடியில் வரைந்த ஓவியங்கள். செடிகொடிக்கு மட்டும் சசெக்ஸ் பக்கம் லெனார்ட்ஸ்லீ என்ற தோட்டத்துக்குப் போனார்கள். ஒளிப்பதிவு ஜாக் கார்டிஃப், கலை ஆல்ஃப்ரெட் யூங்கே, இருவருக்கும் ஆஸ்கர். நிஜமான இந்தியத் தொடர்பு நடிகர் சாபுதான். மைசூர் யானைப்பாகன் மகன். ஆங்கிலேய நடிகை ஜீன் சிம்மன்ஸுக்கு முகத்தில் பழுப்புச் சாயம் பூசி மலைநாட்டுப் பெண்ணாக்கியது இன்று பார்க்கக் கூச்சமாகத்தான் இருக்கிறது. படம் வந்தது 1947-இல், நமக்குச் சுதந்திரம் வருவதற்குச் சில மாதம் முன்பு. வெள்ளைக்காரக் கன்னியாஸ்திரிகள் மலையைவிட்டு மூட்டை கட்டும் கதை!

இதில் இவர் சிஸ்டர் க்ளோடா, மடத்தலைவி. முடி, கழுத்து, காது எல்லாம் வெள்ளைத் துணிக்குள். நடிக்க மிச்சமிருப்பது நெற்றியிலிருந்து முகவாய் வரை ஒரு சின்ன இடம். ஜெபம் செய்யும்போதே அயர்லாந்தில் விட்டுவந்த காதல் நினைவு வருகிறது. உதட்டோரம் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்து, உடனே அடங்குகிறது. அவ்வளவுதான், வசனம் இல்லை. இந்தப் படத்துக்கும் 'ஐ சீ எ டார்க் ஸ்ட்ரேஞ்சர்' படத்துக்கும் சேர்த்து நியூயார்க் விமர்சகர்கள் சிறந்த நடிகை விருது கொடுத்தார்கள்.

கேள்வி: இவ்வளவு நல்ல வேடம் கிடைத்த ஊரைவிட்டு ஏன் போனார்?

ஒப்பந்தம். பாஸ்கலிடம் இருந்த ஒப்பந்தம் கைமாறி எம்ஜிஎம் வசம் போனது. 1947-இல் கிளார்க் கேபிளோடு 'த ஹக்ஸ்டர்ஸ்'. பணம், புகழ் எல்லாம் வந்தது, ஆறு ஆஸ்கர் பரிந்துரை வந்தது. போட்டியில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை, 1994-இல் கௌரவ விருதுதான். மில்காரியாகவும் உளவாளியாகவும் நடித்தவரைக் கொண்டுபோய் முதல் சில வருஷம் அழகான மனைவியாக சோபாவில் உட்காரவைத்தார்கள். 1953-இல் கடற்கரைக் காட்சி வந்துதான் அந்தப் பிம்பம் உடைந்தது.

கேள்வி: சரி, எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?

ஆஸ்கர் வாங்கிய படத்தில் வேண்டாம். 'ஐ சீ எ டார்க் ஸ்ட்ரேஞ்சர்', 1946. பிரிட்டிஷ்காரர்களை அடியோடு வெறுக்கும் அயர்லாந்துப் பெண் பிரைடி, 21 வயதானதும் கலகக்காரர்களோடு சேர டப்ளினுக்கு ரயில் ஏறுகிறாள். சேர்ந்தது என்னவோ ஜெர்மன் உளவாளியோடு! பாதி சிரிப்பு, பாதி திகில். பிடித்தால் அடுத்து 'பிளிம்ப்'. அதை மட்டும் 163 நிமிட முழுப் பிரதியாகத் தேடிப் பாருங்கள். குறைத்த பிரதிகளும் சுற்றுகின்றன.