மைக்ரோபயாலஜி படித்த மகளுக்குக் கழிவுநீர்ப் பரிசோதனை வேலையா?

மன்னார்குடியிலிருந்து எழுதிய அம்மாவுக்கு,

"பி.எஸ்சி. படித்துவிட்டுச் சாக்கடையைக் கிளறப் போகிறேன் என்கிறாள்" என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். ஊரில் எந்த நோய் பரவுகிறது என்பதைக் கழிவுநீரில் கிருமியைத் தேடிக் கண்டுபிடிக்கும் வேலை இது. குழிக்குள் யாரும் இறங்குவதில்லை, அம்மா. சுத்திகரிப்பு நிலையத்தில் கழிவுநீர் வந்து விழும் இடத்தில், கயிறு கட்டிய வாளியால் மொண்டு எடுப்பார்கள். மற்றதெல்லாம் ஆய்வகத்தில்தான்.

தொற்றியவருக்குக் காய்ச்சல் அடிக்கும் முன்பே சில கிருமிகள் மலத்தில் வெளியேறத் தொடங்கிவிடும். போலியோ தொற்றியவர்களில் பெரும்பாலானோருக்கு அறிகுறியே இருக்காது. அதனால்தான் மும்பையில் 2001 முதல் சாக்கடை நீரில் அதைத் தேடுகிறார்கள்.

மாதிரியை 4 டிகிரியில், ஐஸ் பெட்டியில் கொண்டுபோக வேண்டும். உறையவிட்டு உருக்கினால் வைரஸின் மரபுப்பொருளான ஆர்.என்.ஏ. சிதையும். காலையில் ஒரே தடவை மொண்டது அந்த நேரத்து நிலவரத்தை மட்டும் காட்டும். 24 மணி நேரமும் சிறிது சிறிதாகச் சேர்த்தது நம்பகமானது. மட்கிய பொருள்களிலிருந்து கழிவுநீரில் சேரும் ஹ்யூமிக் அமிலம், கிருமியின் மரபுப்பொருளைப் பெருக்கிக் கண்டறியும் பி.சி.ஆர். சோதனையைத் தடுத்து, இருக்கும் கிருமியையும் 'இல்லை' என்று காட்டிவிடும். சந்தேகம் வந்தால் பத்து மடங்கு நீர்க்கவைத்து மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டும். நேர்முகத் தேர்வில் அவளிடம் இதைப் பற்றிக் கேட்கலாம்.

டெல்டாவில் இன்னொரு சிக்கல். ஐப்பசி, கார்த்திகை மழைத்தண்ணீர் பாதாளச் சாக்கடையில் கலந்தால் கிருமி எண்ணிக்கை தானாகக் குறையும். நோய் குறைந்ததாக அர்த்தமில்லை. மிளகாய்ச் செடியைத் தாக்கும் ஒரு வைரஸ் சாப்பாடு வழியே மலத்துக்கு வருகிறது (நம் ஊர்க் குழம்பில் அதற்குப் பஞ்சமா?). அதையும் அளந்தால் மனிதக் கழிவு எவ்வளவு நீர்த்திருக்கிறது என்று கணிக்கலாம். செப்டிக் டேங்க் வீடுகள் இந்தக் கணக்கில் வராது. அதற்கு லாரியில் வரும் கழிவிலிருந்துதான் மாதிரி எடுக்க வேண்டும்.

மாசு அளவீட்டையும் அவள் கற்கட்டும், நிலையான வேலை அங்கேதான் அதிகம். கழிவை நுண்ணுயிர்கள் சிதைக்க எவ்வளவு ஆக்சிஜன் தேவை என்று அளக்கும் பி.ஓ.டி. சோதனையை இங்கே 27 டிகிரியில் 3 நாள் வைக்கிறோம். வெளிநாட்டுப் புத்தகங்களில் 20 டிகிரி, 5 நாள் என்றிருக்கும். நீரில் கரைந்த ஆக்சிஜனை அளக்க எடுக்கும் மாதிரியில், அந்த அளவு மாறாமல் பிடித்துவைக்கும் ரசாயனத்தை மாதிரி எடுத்த இடத்திலேயே சேர்த்துவிட வேண்டும்.

எம்.எஸ்சி.க்குத் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் துறைகளைப் பாருங்கள். எங்கே சேர்ந்தாலும், மாணவர் தன் கையால் ஆர்.டி.-பி.சி.ஆர். ஓட்ட விடுவார்களா என்று முதலில் கேளுங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சுற்றுச்சூழல் விஞ்ஞானி பணி, என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களின் தரத்தைச் சான்றளிக்கும் தேசிய வாரியம்) அங்கீகாரம் பெற்ற ஆய்வகங்கள் இரண்டும் நல்ல இலக்குகள். கிருமிக் கண்காணிப்பு ஆராய்ச்சிப் பணிகள் பெரும்பாலும் ஒப்பந்தம்தான். நிதி நின்றால் வேலையும் நிற்கும்.

விடுமுறையில் ஒரு மாதம் சுத்திகரிப்பு நிலைய ஆய்வகத்துக்குப் பயிற்சிக்கு அனுப்புங்கள். அதற்கு முன் டைபாய்டு, ஹெபடைடிஸ் ஏ, டெட்டனஸ் ஊசிகளைப் பற்றி மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.